நூறு மீற்றரில் பதினொரு சென்ரிமீற்றர்

தரண்ட்
15 செப்டெம்பர் 2024

பேர்பெச்சுவா அக்காவுக்கு,

இரண்டு வருடத்துக்குப் பிறகு எழுதுகிறேன். சுகம் விசாரிக்க இல்லை. நீங்கள் எனக்குப் பூட்டித் தந்த துவக்கு நேராகச் சுடுகிறதில்லை.

போன் எடுத்திருக்கலாம். ஆனால் நாங்கள் இரண்டு பேரும் பேசினால் மூன்றாவது நிமிடத்தில் யாராவது ஒருவர் வெட்டிவிடுவோம். கடிதத்தை நடுவில் வெட்ட ஏலாது. அதோடு, குறி அட்டையை நீங்கள் கையில் வைத்துப் பார்க்க வேண்டும். மடித்து உள்ளே வைத்திருக்கிறேன். நூறு மீற்றர் தூரம், மணல் மூட்டையில் துவக்கை வைத்து ஐந்து வெடி. போன வருடம் இதே துவக்கு ஐந்தையும் ஒரு போத்தல் மூடிக்குள் போட்டது. இப்போது ஐந்து ஓட்டைகளும் சிதறிக் கிடக்கிற அகலத்தை அளந்து பாருங்கோ. பதினொரு சென்ரிமீற்றர்.

இதை நான் கண்டுபிடித்த விதம்தான் கொடுமை. போன சனி காலை, நான் நட்ட ஓக் கன்றுகளின் குருத்தைக் கடித்துக்கொண்டு ஒரு கலைமான் நின்றது. அந்தக் கன்றுகளை ஆளாக்கத்தான் வனத்துறை எனக்குச் சம்பளம் தருகிறது, தெரியும்தானே. எண்பது மீற்றர். பக்கவாட்டில் நின்றது. தோளுக்குப் பின்னால் குறி வைத்தேன். வெடி வயிற்றில் பட்டது. மான் விழவில்லை, ஓடியது. மோப்ப நாயோடு வந்தவர் பதினொரு மணிக்குத்தான் கண்டுபிடித்தார். நாலு மணித்தியாலம் அது உயிரோடு கிடந்திருக்கிறது. இதை உங்களுக்கு ஒருமுறைதான் எழுதுவேன்.

அந்தக் காட்டின் வேட்டை உரிமையைக் குத்தகைக்கு எடுத்திருப்பவர் ஹெர் வீலாண்ட் என்கிற ஜெர்மன்காரர். அவர் தரும் அனுமதிச் சீட்டு இருந்தால்தான் நான் அங்கே சுடலாம். அன்று மாலை, பதினொரு ஆம்பிளைகள் சுற்றி நிற்க என்னிடம் சொன்னார்: “ஃப்ராவ் அருளப்பு, துவக்கில பிழையில்லை. வெடிக்க முதலே நீங்கள் மிரண்டு கண்ணை மூடுறியள். சின்ன உடம்பு, பெரிய வெடி. வெக்கப்பட ஒண்டுமில்லை. நவம்பர் வேட்டைக்கு முதல் சீட்டைத் திருப்பித் தாங்கோ.”

இரண்டு வருடத்துக்கு முதல் இந்தத் துவக்கைக் கையில் தந்துவிட்டு நீங்கள் சொன்னதும் ஞாபகம் இருக்கு. “நீ என்னதான் செய்தாலும் அவங்கள் உன்னைத் தங்கட ஆளா எடுக்கமாட்டாங்கள்.” நீங்கள் சொன்னது சரி என்று ஒத்துக்கொள்ள நான் எழுதவில்லை. நான் மிரளவில்லை, அக்கா. சீட்டைத் திருப்பிக் கொடுக்கவும் மாட்டேன். துவக்கில் என்ன பிழை என்று சொல்லுங்கோ.

பிறின்சி


ஸூல்
20 செப்டெம்பர் 2024

பிறின்சி,

அட்டை கிடைத்தது. ஓட்டைகள் எல்லாம் நல்ல வட்டம். குழலை விட்டு வரும் சன்னம் புரளாமல்தான் பறக்கிறது. ஆனால் இலக்கில்லாமல் மேலும் கீழும் கிடக்கிறது.

இந்தப் பட்டறையில் பதினாறு வருடமாகத் துவக்குத் திருத்துகிறேன். “என்ர துவக்கு சுடுகுதில்லை” என்று வருகிறவர்களில் பாதிக்கு மேல் துவக்கில் பிழை இருப்பதில்லை. ஆளில்தான். உன் வீலாண்ட் வாய் கெட்ட மனுசன், ஆனால் அவர் சொன்னது நடக்கக்கூடிய விசயம். ஆகவே முதலில் உன்னையே சோதித்துப் பார். சூட்டுத் திடலில் நம்பக்கூடிய ஒருவரிடம் துவக்கைக் கொடு. அவர் நீ பார்க்காமல் ஒரு தரம் உண்மையான தோட்டா, ஒரு தரம் வெடிக்காத போலித் தோட்டா என்று மாறி மாறிப் போட்டுத் தரட்டும். போலியில் விசையை இழுக்கும்போது குழல் முனை குனிந்தால் நீ மிரள்கிறாய். பிறகு அவரும் அதே துவக்கால் சுட்டுப் பார்க்கட்டும்.

அதற்குப் பிறகுதான் துவக்கு. குழலைச் செப்புக் கறை போகும்வரை துடை. துணியில் நீலப் பச்சை வருகிறது நிற்க வேண்டும். ஸ்கோப்பைப் பிடித்திருக்கிற திருகாணிகளைப் பார். வேறு ஸ்கோப் போட்டுச் சுடு. வேறு பெட்டித் தோட்டா போட்டுச் சுடு. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. இரண்டை ஒன்றாக மாற்றினால் எது பிழை என்று சாகும்வரை தெரியாது.

துவக்கின் அடியில் இருக்கிற இரண்டு திருகாணிகளை, மேல் இரும்பையும் மரக்கட்டையையும் சேர்த்துப் பிடிக்கிறவற்றை, தொடாதே. அவற்றை என் கையால், இறுக்கம் போதுமானதும் ‘டக்’ என்று சொல்கிற அளவுச் சாவி போட்டு இறுக்கினேன். அங்கே பிழை இருக்க ஏலாது.

அன்றைக்கு நான் சொன்னதை எழுதியிருக்கிறாய். நீ திருப்பிச் சொன்னதையும் எழுதியிருக்கலாம். “உங்களை மாதிரி வீட்டை விட்டு ஓடினவை எனக்குப் புத்தி சொல்லத் தேவையில்லை” என்றாய். நான் ஓடவில்லை. சித்தப்பா துவக்குச் சூடுபட்டுச் செத்தவர், இந்த வீட்டுக்குள் துவக்கின் பேரே வரக்கூடாது என்று அப்பா சொன்னார். நான் துவக்குத் திருத்தும் தொழில்தான் படிக்கப்போகிறேன் என்று அவர் முகத்துக்கு நேரே சொன்னேன். பத்தொன்பது வயது. அன்றைக்கே வெளியே. அம்மா என்னைப் பார்த்தது அதற்குப் பிறகு மூன்று தரம், மூன்றும் ரயில் ஸ்டேசனில். நீயோ அதே அப்பாவிடம் “மரம் எண்ணுறன்” என்று சொல்லிவிட்டு வருடா வருடம் நத்தார்ப் பண்டிகைக்கு டுசல்டோர்ஃப் வீட்டில் அவர் மேசையில் இருந்து சாப்பிடுகிறாய். இதில் ஓடுகிறது யார்?

பேர்பெச்சுவா


தரண்ட்
1 ஒக்ரோபர் 2024

அக்கா,

கடைசிப் பந்திக்குப் பதில் இல்லை. துவக்குக்கு மட்டும் பதில்.

சூட்டுத் திடலைப் பார்த்துக்கொள்கிறவ ஃப்ராவ் கெஸ்னர். அறுபத்தொரு வயது. இளமையில் பனியில் சறுக்கி ஓடிக் குறி சுடும் போட்டிகளில் நின்றவ. நீங்கள் எழுதினதை அவவுக்கு ஜெர்மன் மொழியில் சொன்னேன். “உன்ர அக்காவுக்குத் தொழில் தெரியும்” என்றா. எனக்கு எரிச்சல்தான் வந்தது.

அவ எட்டுத் தரம் போட்டுத் தந்தா. மூன்று போலி. எது எதுவென்று எனக்குத் தெரியாது. மூன்றிலும் விசையை இழுத்தேன், ‘டிக்’ என்று சத்தம் கேட்டது, குழல் முனை அசையவில்லை. அவ போனில் படம் எடுத்து வைத்திருக்கிறா. மூன்றாவது போலிக்குப் பிறகு என் தோளில் தட்டி, “மலை மாதிரி இருக்கிறாய்” என்றா. பிறகு தானே படுத்து ஐந்து வெடி வைத்தா. அட்டை உள்ளே இருக்கு, அளந்து பாருங்கோ. பத்தரை. துவக்கைக் கீழே வைத்துவிட்டு, “இது துவக்கில்லை, விதை தூவுற மெசின்” என்றா.

ஆக நான் இல்லை. இந்த வரியைத் தயவுசெய்து இரண்டு தரம் வாசியுங்கோ.

குழலை இரண்டு நாள் துடைத்தேன். முதலில் வந்த துணியெல்லாம் நீலம், பிறகு வெள்ளை. சுட்டேன். பத்து. கெஸ்னரின் ஸ்கோப்பைப் பூட்டிச் சுட்டேன். பதினொன்று. வேறு பெட்டித் தோட்டா. ஒன்பதரை. ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்றினேன். தோள் கறுத்துப்போய்க் கிடக்கிறது.

நேற்று வீலாண்டைக் காட்டு வழியில் கண்டேன். “என்ன முடிவு?” என்று கேட்டார். “துவக்கில பிழை. தேடிக்கொண்டிருக்கிறன்” என்றேன். சிரித்தார். “துவக்கில பிழை எண்டுதான் எல்லாரும் சொல்லுறவை” என்றார். நான் சிரிக்கவில்லை. அவர் கண்ணை எடுக்கும்வரை நானும் எடுக்கவில்லை.

பிறின்சி


ஸூல்
6 ஒக்ரோபர் 2024

பிறின்சி,

இரண்டு தரம் வாசித்தேன். உன்னில் பிழை இல்லை. எழுத்தில் தருகிறேன், வைத்துக்கொள்.

இனி இரண்டு இடம் பார். ஒன்று, குழலின் வாய். காது துடைக்கிற பஞ்சுக் குச்சியை உள்விளிம்பில் மெல்லச் சுற்று. பஞ்சு எங்கேயாவது சிக்கினால் அங்கே கீறல் இருக்கு. ஒரு மயிரளவு கீறல் போதும், சன்னம் வெளியேறும்போது அதைத் தள்ளிவிடும். இரண்டு, குழலும் மரமும். குழல் மரத்தில் முட்டாமல் அந்தரத்தில் நிற்க வேண்டும். ஒரு தாளை இரண்டுக்கும் இடையில் விட்டு முனையிலிருந்து உள்ளே இழு. தடைபட்டால் மரம் குழலைத் தள்ளுகிறது.

அடித் திருகாணிகளைப் பற்றி நீ ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் கேட்கப் போகிறாய் என்று எனக்குத் தெரியும். தொடாதே. அவற்றை இறுக்கிய நாளை என் பட்டறைக் குறிப்பேட்டில் பார்த்தேன். இரண்டும் ஐந்து நியூட்டன்மீற்றர் இறுக்கம், என் கையெழுத்து. நான் இறுக்கினது கழலுகிறதில்லை.

இதிலும் பிடிபடாவிட்டால் துவக்கை எடுத்துக்கொண்டு இங்கே வா. நாலு மணித்தியால ரயில்தானே. எனக்கு உன்னோடு பேச ஒன்றும் இல்லை, துவக்கைத்தான் பார்க்க வேண்டும்.

பேர்பெச்சுவா


தரண்ட்
13 ஒக்ரோபர் 2024

அக்கா,

பேச ஒன்றும் இல்லாத வீட்டுக்கு நான் வரமாட்டேன்.

பஞ்சு சிக்கவில்லை. தாள் தடையில்லாமல் ஓடியது. கெஸ்னரும் நானும் திடலில் மேசைக்கு முன்னால் நின்றோம். அவ கேட்டா: “இன்னும் எதைத் தொடேல்லை?” நான் சொன்னேன்: “அக்கா தொடாதை எண்டதை.”  அவ ஒரு அளவுச் சாவியை எடுத்து என் பக்கம் தள்ளிவிட்டா.

தொட்டேன். கோபிக்கிறதென்றால் கோபியுங்கோ.

முதலில் துவக்கை நிமிர்த்தி வைத்து, குழலும் மரமுனையும் சந்திக்கிற இடத்தில் விரலை வைத்துக்கொண்டு, திருகாணிகள் இறுகினபடியே இருக்க மரத்தை அமத்தினேன். விரலுக்குள் அசைவு தெரிந்தது. அக்கா, சாவி இறுக்கம் காட்டுகிறது, ‘டக்’ என்று சொல்கிறது, ஆனால் உள்ளே இரும்பு மரத்தில் ஆடுகிறது. கெஸ்னரும் தொட்டுப் பார்த்தா. “இறுகியும் இருக்கு, ஆடவும் ஆடுது. அது எப்பிடி?” என்றா.

முன் திருகாணியைக் கழற்றினேன். அதன் நுனியில் ஒரு சின்ன மினுக்கம். காட்டில் மரத்துக்கு அடையாளம் போடுகிற நீலப் பேனாவால் நுனியில் மை பூசிவிட்டுத் திரும்பவும் இறுக்கிக் கழற்றினேன். நுனியில் மை இல்லை. அது மேல் இரும்பின் துளைக்குள் போய் அடியில் முட்டுகிறது. முட்டினதும் சாவி இறுகிவிட்டது என்று நினைக்கிறது. தலை மரத்தைப் பிடிக்க முதலே திருகாணி முடிந்துவிடுகிறது. ஒவ்வொரு வெடிக்கும் இரும்பு மரத்துக்குள் வேறு வேறு இடத்தில் போய் உட்காருகிறது.

கழற்றின திருகாணியை அனுப்புகிறேன். இது மற்றத் திருகாணியோடு வந்த சோடி இல்லை என்று எனக்குத் தெரிகிறது. நிறமே வேறு. இதை யார் போட்டது என்று நான் கேட்கவில்லை. நீங்களே சொல்லுங்கோ.

அந்த மான் நாலு மணித்தியாலம் கிடந்தது.

பிறின்சி


ஸூல்
18 ஒக்ரோபர் 2024

பிறின்சி,

நான் போட்டேன்.

அந்த நாள் நல்ல ஞாபகம். நீ மூன்று மணிக்கு வந்து எடுக்கிறதாகச் சொல்லியிருந்தாய். பழைய முன் திருகாணியின் தலை தேய்ந்திருந்தது. பெட்டியில் இருந்து ஒன்று எடுத்தேன். நீளம் அளக்கவில்லை. ஒன்றரை மில்லிமீற்றர் கூட. சாவி ‘டக்’ என்றது, நான் நம்பினேன். உன் திருகாணியை இப்போது அளவுக் கருவியில் வைத்துப் பார்த்துக்கொண்டே எழுதுகிறேன்.

அப்போது மரத்தில் கொஞ்சம் ஈரம் இருந்திருக்கும், ஊதிப் பெருத்து நின்று எப்படியோ பிடித்துக்கொண்டது. நீ துவக்குப் பெட்டியைக் கொதிகலன் அறையில் வைக்கப்போகிறதாக அன்றைக்குச் சொன்னாய். அந்தச் சூட்டில் மரம் காய்ந்து சுருங்கினதும் பிடி விட்டுப்போனது. மரத்தில் பழி போடலாம், கொதிகலனிலும் போடலாம். போடமாட்டேன். சரியான திருகாணி என்றால் மரம் சுருங்கினாலும் இன்னும் இறுக இடம் இருந்திருக்கும். வேறு ஆள் இதைச் செய்திருந்தால் அந்த ஆளைப் பட்டறையை விட்டு அனுப்பியிருப்பேன்.

இரண்டு தரம் தொடாதே என்று எழுதினேன். நீ தொட்டது சரி.

புதுத் திருகாணி இதோடு வருகிறது. நீளம் மூன்று தரம் அளந்தேன். துளையை எண்ணெய் இல்லாமல் துடை. முதலில் முன்னாலுள்ளதை, பிறகு பின்னாலுள்ளதை இறுக்கு. விரல் வைத்துப் பார். அசைவு இருந்தால் நிறுத்தி எனக்கு எழுது.

பட்டறையின் கடிதத் தாளில் ஜெர்மன் மொழியில் ஒரு கடிதமும் வைத்திருக்கிறேன். துவக்கைத் தவறாகப் பூட்டியது நான், சுட்டவர் மேல் எந்தப் பிழையும் இல்லை என்று. முத்திரையும் கையெழுத்தும் இருக்கு. நீ அனுப்பின இரண்டு அட்டைகளையும் திருப்பி வைத்திருக்கிறேன். வீலாண்டுக்குக் கொடு. கதை பரவி இங்கே நாலு பேர் வேறு பட்டறைக்குப் போனாலும் போகட்டும்.

 மான் அப்படிக் கிடந்தது என் பிழையால் என்று தெரியும், அதை மட்டும் எழுதுகிறேன்.

அக்கா


தரண்ட்
10 நவம்பர் 2024

அக்கா,

புதுத் திருகாணி. விரலுக்குள் ஒரு அசைவும் இல்லை. கெஸ்னர் பக்கத்தில் நிற்க ஐந்து வெடி. இரண்டே கால் சென்ரிமீற்றர். அவ அட்டையில் திகதி போட்டுக் கையெழுத்து வைத்தா. அது உங்களுக்கு.

நேற்று வேட்டை. காலை ஒன்பது மணி, எல்லோரும் செம்மஞ்சள் மேலங்கியோடு வட்டமாக நின்றார்கள். கொம்பு ஊதி முடிந்து வீலாண்ட் யார் எங்கே நிற்பது என்று வாசித்தார். என் பெயர் இல்லை. நான் வட்டத்துக்குள் போய், பார்த்துவிட்டுத் தாங்கோ என்று அட்டைகளை அவர் கையில் கொடுத்தேன். பதினொரு சென்ரிமீற்றர் அட்டை, கெஸ்னர் சுட்ட அட்டை, கடைசி அட்டை.

நேரமெடுத்துப் பார்த்தார். “சரி. துவக்குப் பிழைதான். ஆர் பூட்டினது?” என்றார்.

“என்ர அக்கா.”

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். நான் உங்கள் கடிதத்தை எடுத்து உரத்து வாசித்தேன், முதல் எழுத்திலிருந்து கையெழுத்து வரைக்கும்.  வாசித்து முடித்துக் கேட்டேன்: “இதில நிக்கிற ஆராவது தங்கட பிழையை எழுதி, கையெழுத்து வைச்சு, ஆருக்கும் குடுத்ததுண்டோ?”

ஒருவரும் சிரிக்கவில்லை. வீலாண்ட் கடிதத்தைக் கேட்டுக் கை நீட்டினார். கொடுக்கவில்லை. “பதினொரு பேருக்கு முன்னால சொன்னனியள். பதினொரு பேருக்கு முன்னாலயே திருப்பி எடுங்கோ” என்றேன்.

அவர் முகம் சிவந்தது. தொப்பியைக் கழற்றினார், திரும்பப் போட்டார். பிறகு சத்தமாகவே சொன்னார்: “ஃப்ராவ் அருளப்பு மிரளேல்லை. நான் சொன்னது பிழை.” உடனேயே எனக்கு இடமும் சொன்னார். சதுப்புக்குப் பக்கத்தில், கடைசி மூலை. அங்கே ஒரு மிருகமும் வராது என்று எல்லாருக்கும் தெரியும். போய் நின்றேன்.

மூன்று மணிக்கு ஒரு காட்டுப்பன்றி சதுப்பைக் கடந்து தனியாக வந்தது. நாற்பது அடி. ஒரு வெடி. நின்ற இடத்திலேயே விழுந்தது, கால் கூட உதறவில்லை. துவக்கைக் கீழே வைத்தேன். அப்படியே சேற்றில் இருந்துகொண்டு அழுதேன், அக்கா. மானுக்காக.

உங்கள் கடிதத்தை வீலாண்டுக்குக் கொடுக்க மனம் வரவில்லை. அது என்னிடம் இருக்கட்டும்.

பிறின்சி


ஸூல்
15 நவம்பர் 2024

பிறின்சி,

அட்டையைப் பட்டறைச் சுவரில் குத்தியிருக்கிறேன். பக்கத்தில் நீளத் திருகாணியையும் தொங்கவிட்டிருக்கிறேன். வருகிறவர்கள் கேட்கிறார்கள். சொல்கிறேன்.

பதினொரு பேருக்கு முன்னால் நின்றாய். பெருமையாக இருக்கு, எழுதாமல் விட ஏலாது. ஆனால் டுசல்டோர்ஃபில் ஒரு மேசைக்கு முன்னால் ஒரே ஒரு ஆள் இருக்கிறார். அவருக்கு முன்னால் நீ இன்னும் மரம்தான் எண்ணுகிறாய்.

வற்புறுத்தவில்லை. அந்த வாசலுக்கு வெளியே நிற்கிறது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அதைத் தெரிந்துகொண்டு உன்னைப் போ என்று சொல்ல எனக்கு வாயில்லை. ஆனால் நான் ஓடினவள் என்று இனி ஒருநாளும் சொல்லாதே.

அக்கா


தரண்ட்
3 டிசெம்பர் 2024

அக்கா,

ஞாயிறு டுசல்டோர்ஃப் போனேன். பூசை முடிந்து வந்து மத்தியானச் சாப்பாடு. அப்பா வழமைபோல கேட்டார்: “எப்பிடிப் பிள்ளை, மரமெல்லாம் எண்ணி முடிஞ்சுதோ?”

“நான் மரம் மட்டும் எண்ணுறதில்லை அப்பா. துவக்கு வைச்சிருக்கிறன். வேட்டைக்குப் போறன். அதைப் பூட்டித் தந்தது அக்கா” என்றேன்.

சாப்பாட்டுக் கோப்பையை மெல்லத் தள்ளிவைத்தார். கத்துவார் என்று நினைத்தேன், கத்தவில்லை. சித்தப்பாவின் சட்டையில் இருந்த ஓட்டையைப் பற்றிச் சொன்னார். சுண்டுவிரல் நுழையாத ஓட்டை என்று. நான் கேட்டுக்கொண்டு இருந்தேன். அது பொய் இல்லை, அக்கா. அவருடைய நோவு பொய் இல்லை. ஆனால் கடைசியில், “அவளுக்குச் சொன்னதுதான் உனக்கும். எழும்பு” என்றார்.

எழும்பினேன். “நான் ஒரு பிழையும் செய்யேல்லை. அக்காவும் செய்யேல்லை. இருபத்திரண்டு வருசமா ஒரு பிள்ளையை ஸ்டேசனில வைச்சுப் பாக்க வைச்சதுதான் பிழை” என்றேன். சொல்லும்போது அவரைப் பார்க்கவில்லை, அம்மாவைப் பார்த்தேன்.

அம்மா கறிச்சட்டியை மூடினா. அறைக்குள் போனா. குளிர் அங்கியும் கைப்பையுமாக வெளியே வந்தா. அப்பா, “எங்கை?” என்றார்.

“பிள்ளையளிட்டை.”

“ஆரைக் கேட்டு?”

“ஒருதரையும் கேக்கேல்லை” என்றா அம்மா. “சோறு இருக்கு, சூடாக்கிச் சாப்பிடுங்கோ.”

என்னோடு ரயிலேறி டிரெஸ்டன் வந்தா. இறங்கும்போது, “அவளின்ர வீட்டில எத்தினை அறை?” என்று கேட்டா. எனக்குத் தெரியவில்லை. நான் ஒருநாளும் வந்து பார்த்ததில்லை.

ஓடினவள் என்று சொன்னதுக்கு மன்னிப்புக் கேட்கிறேன். வருகிற வெள்ளி அம்மாவும் நானும் வரலாமா? பேச நிறைய இருக்கு.

பிறின்சி


ஸூல்
5 டிசெம்பர் 2024

பிறின்சி,

இது வந்து சேர முதலே நீங்கள் புறப்பட்டுவிடுவீர்கள். அதனால் போனும் எடுப்பேன். மூன்று நிமிடத்துக்குள் முடித்துக்கொள்கிறேன். இருந்தாலும் எழுதுகிறேன்.

இரண்டு அறை. பெரியது அம்மாவுக்கு. இன்று பட்டறையைப் பூட்டிவிட்டுக் கட்டில் வாங்கினேன். எர்ஃபுர்ட்டில் ரயில் மாறவேண்டும், மேடைக்கு நடை கூட, அம்மாவை அவசரப்படுத்தாதே. அவவுக்கு என்னை உடனே அடையாளம் தெரியாது. தலைமயிர் முழுக்க வெட்டியிருக்கிறேன், அதுவும் நரைத்துப்போச்சு. நீ சொல்லிக்கொடுக்காதே. நான் போய் முன்னால் நிற்கிறேன்.

அப்பாவுக்கும் இன்று ஒரு கடிதம் போட்டேன். மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை, அவரைக் குறை சொல்லவும் இல்லை. என் விலாசம், வீட்டு மணியில் எந்தப் பெயரை அமத்துவது, ஞாயிறு மத்தியானம் எத்தனை மணிக்குச் சாப்பிடுவோம். அவ்வளவுதான் எழுதினேன்.

அக்கா